கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த பச்சை 'அ'

எண்ணெயில் பொரித்த பரோட்டாவைத் தின்று, விரலைச் சூப்பிவிட்டு, அதே விரலோடு கம்ப்யூட்டர் மவுஸைப் பிடிக்கிறவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அந்த எண்ணெய் வாடைதான்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் வேலை, வீடு ஆமத்தூரில். என் மனைவி பத்தாவது முடித்தவள். அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். படுத்தால் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும், இனி மருந்துத் தூசி இருக்கும் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டாள். அச்சகத்தில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை வீட்டில் வைத்தோம். தினசரி காலண்டர் தாளில் நல்ல நேரம், ராகு காலம் என்று வருமே, அதையெல்லாம் அவள் வீட்டிலிருந்தே அடித்துக் கொடுத்தாள். மூச்சும் கொஞ்சம் சீரானது.

எங்கள் ஊர்ப்பக்கம் அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகளை ஆடிப்பெருக்கு அன்றே வெளியிட்டுவிடுவார்கள். அதற்குச் சற்று முன்பு நடந்தது இது. திங்கட்கிழமை காலை அச்சகம் திறக்கும்போது மாதிரித் தாள்களுக்கு அடித்தது கையில் இல்லையென்றால் வேலையை டவுனில் வேறு டைப்பிங் சென்டருக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அது கைவிட்டுப் போனால் அவள் திரும்பவும் மருந்து ஷெட்டுக்குத்தான் போக வேண்டும். வேறு வழி எங்களுக்கு இல்லை.

மச்சான் அந்தப் பட்டாசுக் கம்பெனியில்தான் ஃபோர்மேன். ஞாயிறு மதியம் விருதுநகரிலிருந்து பரோட்டா பொட்டலத்தோடு வந்தார். மனைவி அடுப்படியில் இருந்தாள். நான் சோடா வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்து எழுந்துகொண்டிருந்தார். மேசையில் பொட்டலம் விரித்தபடி கிடந்தது. மவுஸ் வெயிலில் நின்ற வண்டியின் சங்கிலி மாதிரி மினுங்கியது.

"என்ன மாப்ள, இம்புட்டு அழுக்காவா வச்சிருப்பீக? எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன், பாருங்க" என்றார்.

தூசியைத் துடைத்திருக்கிறார் என்று நினைத்தேன். தலையாட்டினேன். அவரிடம் நான் அதிகம் பேசுவதில்லை. யாரிடமும்தான்.

சாப்பிட்டுவிட்டு அவர் கட்டிலில் குறட்டை விட ஆரம்பித்ததும் மனைவி டைப் அடிக்க உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, கீழ இருந்த பட்டையைக் காணோம்."

திரையின் அடியில் நீலமாக ஒரு பட்டை இருக்கும். அதன் வலது மூலையில் கடிகாரம், கடிகாரத்துக்குப் பக்கத்தில் பச்சையில் சின்னதாக ஓர் 'அ'. அந்த 'அ' இருந்தால்தான் தமிழ் விழும். இப்போது பட்டையும் இல்லை, 'அ'வும் இல்லை. ஒரு வரி அடித்துப் பார்த்தாள். இங்கிலீஷ் எழுத்தாக வந்தது. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் அப்படியேதான்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். அவன் பாதிகூடக் கேட்கவில்லை. "ஃபார்மட் பண்ணிருவோம்க்கா, புதன்கிழமை வாறேன்" என்றான். ஃபார்மட் பண்ணினால் இதுவரை அடித்ததெல்லாம் அழிந்துபோகும். எதைச் சொன்னாலும் அவனுக்கு அந்த ஒரு மருந்துதான். போனை வைத்தவள் நேராகக் கட்டிலுக்குப் போய் அண்ணனை உலுக்கினாள்.

"அண்ணே, கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுனீக?"

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பெருமையாகச் சொன்னார். "கடிகாரத்துகிட்ட அஞ்சாறு சாமான் சும்மா கெடந்துச்சு தாயி. ஒண்ணொண்ணா மூடிட்டேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் தானா எந்திரிச்சு வராத மாதிரியும் பண்ணிட்டேன். பட்டையையும் உள்ள தள்ளி விட்டாச்சு. வேலை முடிஞ்சா மேசையில ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது. நம்ம ஷெட்டுல அப்பிடித்தான?"

ஷெட்டில் அப்படித்தான். மிஞ்சிய மருந்தைப் பொழுது சாய்வதற்குள் அழித்துவிட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் பொறியாகிவிடாமல் இறங்க, வாசலில் பித்தளைத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அங்கே அதையெல்லாம் தவறாமல் செய்கிற மனிதருக்கு, இங்கே கை கழுவத் தோன்றவில்லை. ஆபீசில் லோடு கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டரில் கொஞ்ச நாள் உட்கார்ந்த பழக்கம் வேறு.

"மொதல்ல அதைத் திரும்ப எடுத்துக் குடுங்க" என்றாள்.

அவர் வந்து மவுஸை இழுத்தார். அம்புக்குறி திரையின் நடுவில் வந்து நின்றுவிட்டது. கீழே இறங்க மறுத்தது. மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"செத்துப்போச்சு தாயி. விட்டுத் தள்ளு. சீசன் நேரம், ஷெட்டுக்கு ஆளே கெடைக்கல. நாளைக்கே வந்துரு, நான் சொல்லிக்கிடுறேன்."

"மூச்சு வாங்குது, மருந்துப் பக்கமே போகாதன்னு ஆஸ்பத்திரியில சொன்னப்ப நீங்களும்தான பக்கத்துல நின்னீக?"

"ஆமா, சொல்லுவாக. டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாக."

கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல், அவர் கைக்குள் இருந்த மவுஸை உருவிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

அதைக் கவிழ்த்து அடி மூடியைத் திருகினேன். உள்ளே ஒரு ரப்பர் குண்டு. அது உருண்டால்தான் அம்புக்குறி நகரும். வெளியே எடுத்தபோது குண்டு முழுக்க எண்ணெய், அதில் ஒட்டிய தூசி, ஒரு முடி, வெங்காயத் தோல் மாதிரி ஏதோ. குண்டு உரசும் சின்ன உருளைகளில் கறுப்பாகப் பிசுக்கு சுற்றியிருந்தது. பாதி எங்கள் வீட்டு அழுக்கு, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் எல்லாமே அவர் விரலில் இருந்து வந்ததாகவே பட்டது. ஊக்கால் சுரண்டினேன். பிசுக்கு நகத்துக்குள் ஏறியது. குண்டைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, உலர்ந்ததும் மாட்டிக் கொடுத்தேன்.

இப்போது அம்புக்குறி கீழே வரை போனது. திரையின் அடியைத் தொட்டதும் ஒளிந்திருந்த பட்டை சட்டென்று எழும்பியது. அதைப் பிடித்து, மறையாமல் நிற்கும்படி மாற்றினாள். 'அ' மட்டும் இன்னும் வரவில்லை. பட்டையின் இடது மூலையில் அழுத்தி, புரோகிராம்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒவ்வொன்றாகத் தேடி, டைப்பிங் புரோகிராமைத் திறந்தாள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் பச்சை 'அ' வந்து உட்கார்ந்தது. ஒரு வரி அடித்தாள். 'ராகு காலம்' என்று தமிழில் விழுந்தது.

அவள் மூச்சை விட்டாள். இழுப்பு இல்லாத மூச்சு.

"அட, வந்துருச்சே" என்றார் மச்சான். "நான் அப்பமே சொல்லல, மிஷின்ல ஒண்ணுமில்லன்னு?"

அவர் போன பிறகு அவள் அடித்து முடித்தாள். திங்கட்கிழமை, அடித்ததை ஏற்றிய ஃபிளாப்பியை நானே கொண்டுபோய் முதலாளியிடம் கொடுத்தேன். காலண்டர் வேலை எங்களிடமே நின்றது. அவள் ஷெட்டுக்குப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு தெருமுனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் மவுஸைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்து மூடினேன். பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார். விரலைச் சூப்பிக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார்.

"என்ன மாப்ள, மவுஸைக் காணோம்?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு மச்சான்" என்றேன்.

அடுப்படியில் அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. அவர் விரலை மேசை விளிம்பில் துடைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அந்த இடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கறை இன்னும் இருக்கிறது.