பௌர்ணமிக்கு மறுநாள்

நெஞ்சு படபடத்து, செத்தேன் என்று நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிய கதை செங்கம் ரோடு முழுக்கத் தெரியும். ஆட்டோவில் போகும்போதே மனைவியிடம் பீரோ சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி, மாலை போடுவதற்கு எந்த போட்டோ நன்றாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டேன். இதயத்துக்கு ஒரு கேடும் இல்லை, பயம்தான் வியாதி என்று டாக்டர் சொன்னபோது நிம்மதியைவிட வெட்கம்தான் ஜாஸ்தி. மாத்திரையும் பேச்சுமாக அது மட்டுப்பட்டது. அந்தத் தகுதியில்தான், வாடகைக்கு அறை விட்டுப் பிழைக்கிற என்னை ‘மக்கள் மனநலத் திட்டம்’ என்ற குழுவில் சேர்த்தார்கள்.

குழுவை நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த ஓர் அமைப்பின் அதிகாரி. இலவச மனநல ஆலோசனை முகாமை அடி அண்ணாமலையில், பௌர்ணமி அன்று, கிரிவலப் பாதையிலேயே வைப்பதாக முடிவு செய்தார். அன்றைக்குத்தான் கூட்டம் வருமாம். வரும், ஐயா. வெளியூர்க் கூட்டம், நிற்காமல் நடந்துபோகிற கூட்டம். ஊர்க்காரர்கள் அன்று இளநீர் வெட்டுவார்கள், டீ ஆற்றுவார்கள், வண்டிகளுக்குக் காவல் நிற்பார்கள். அவர்கள் மூச்சு விடுவதே மறுநாள்தான். மறுநாள் வையுங்கள் என்று கத்தினேன். மறுநாள் போட்டோவில் ஆளே இருக்காது என்றார்.

நான் கத்தியதற்குக் காரணம் உண்டு. அங்கே டீக்கடை வைத்திருக்கிற அக்கா, புருஷன் இறந்ததிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை. ஒருநாள் டம்ளரை வைக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "ஒனக்கு வந்துச்சே, அதே மாதிரி எனக்கும் நெஞ்ச அடைக்குதுப்பா. யாருக்கும் தெரியாம எங்க காட்டறது?" முகாமுக்கு வரச் சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் போனால், பந்தல் அக்கா கடைக்கு நேர் எதிரே. 'மனநல முகாம்' என்ற பெரிய ஃபிளெக்ஸில் தலையைப் பிடித்துக்கொண்டு அழும் ஒரு பெண். ஊரே பார்க்க அந்தப் படத்துக்குக் கீழே யார் நுழைவார்கள்? போதாததற்கு இலவச டீ வேறு. அக்காவின் வியாபாரத்திலும் மண். வெளியூர்க்காரர்கள் நாற்காலியில் கால் நீட்டி, டீ குடித்து, கால்வலித் தைலம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆலோசனை சொல்ல வந்திருந்த பெண் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருந்தார். அதிகாரி கூட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பந்தலைப் பிரிக்கும்போது அக்கா என்னைக் கூப்பிட்டார். "நாளைக்குக் கடை கெடையாது. அந்தப் பொண்ணு நாளைக்கு வருமா?"

அதிகாரியிடம் போய்க் கேட்டேன். நிகழ்ச்சி முடிந்துவிட்டது, வேன் கிளம்ப வேண்டும் என்றார்.

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் நெஞ்சு தடதடத்தது, கை மரத்தது. நான் கோபப்பட்டால் எதிராளிக்கு வரவேண்டியது எனக்கே வரும். என் உடம்பின் நியாயம் அப்படி. வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை மெதுவாக விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அடங்கியதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

"எழுந்திருங்க சார், வண்டி எடுக்கணும்" என்றார் அதிகாரி.

"என்னைய இப்படியே வுட்டுட்டுப் போயி, நான் இங்கயே செத்துட்டேன்னு வைங்க. நாளைக்குப் பேப்பர்ல வர்ற போட்டோவுல நான்தாங்க பெருசா இருப்பேன்."

அதிகாரியின் முகம் வெளுத்தது. காலைவரை என்னைக் கவனித்துவிட்டு பஸ்ஸில் வரும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. எங்கள் அறை ஒன்றில் மனைவி அவரைத் தங்கவைத்தாள்.

மறுநாள் அக்கா கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அவர்கள் இரண்டு பேர் மட்டும். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, டீ கேட்டு வந்தவர்களையெல்லாம் பால் திரிந்துவிட்டதென்று விரட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். "அந்தப் பொண்ணு அடுத்த வாட்டி எப்போ வரும்?"

நேற்று குழுக் கூட்டம். முகாம் பெரும் வெற்றி என்று படம் படமாகக் காட்டினார்கள். அடுத்ததும் பௌர்ணமிக்கேதானாம். அந்தப் பெண் பௌர்ணமிக்கு மறுநாள் வருவார் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். வேனை எங்கே நிறுத்துவார்கள் என்றும் டிரைவரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன்.