தானாகத் திறந்த டிராயர்

ஆரணியில் எங்கள் வீட்டு டிரெஸ்ஸிங் டேபிளின் மூன்று டிராயர்களும் எவ்வளவு அழுத்தி மூடினாலும் தானாகத் திறந்துகொண்டன. இந்த வீட்டு மருமகளான நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்து, செய்யாறில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பட்டியல் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினேன். முதலில் ஸ்குரூக்களை முடுக்கினேன். பிறகு டிராயர் ஓடும் சேனலை மாற்றினேன். கடைசியாகக் காந்தமும் வைத்தேன். மறுநாளே மூன்றும் திறந்து கிடந்தன.

“கம்பெனியில அவ்ளோ பெரிய மெஷின சரி பண்ற, ஒரு டிராயரு உன்ன பேஜார் பண்ணுதே!” என்று மாமியார் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு வயது மகள் திறந்திருந்த கீழ் டிராயரில் ஏறி நின்றாள். கண்ணாடியோடு மேஜை அப்படியே முன்னால் சாய்ந்தது. பாய்ந்துபோய்த் தோளால் தாங்கிக்கொண்டேன். மாமியார் குழந்தையை இழுத்துத் தூக்கிவிட்டார். நல்லவேளை, அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை!

மேலிருந்து விழுந்த பவுடர் டப்பா மட்டும் உருண்டுகொண்டே போய் அறையின் நடுவில் நின்றது.

“அங்கதாம்மா கால வுட்டு உக்காந்து நெய்யற பழைய தறிக்குழி இருந்துச்சு. தறிய முன்ரூமுக்கு மாத்தனப்ப மண்ண கொட்டி சிமெண்ட் பூசிட்டோம்” என்றார் மாமியார்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது! குழி மண் இறங்கி, தரை சரிந்திருக்கிறது. மேஜையின் முன்கால்கள் அந்தச் சரிவில் நின்றிருக்கின்றன. டிராயரில் கோளாறே இல்லை.

அன்றே முன்கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து, மேஜையைச் சுவரோடு சேர்த்து ஸ்குரூ போட்டு முடுக்கினேன். டிராயர்கள் மூடியபடியே இருக்கின்றன.

இப்போதெல்லாம் எதையும் கழற்றுவதற்கு முன் தரையில் ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்க்கிறேன். தறி இருந்த வீட்டில் குடியிருப்பவர்களே, மேஜை, பீரோ வைக்கும் முன் குழி எங்கே இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.