உதட்டை விடு

தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடியில், பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. பக்கவாட்டு முகப் படம்தான் அதிகம். காதுக்கு ஒன்றாக இரண்டு முளைகளைச் செருகித் தலையை ஆடாமல் நிறுத்தி, பல்லைக் கடித்து உதட்டை மட்டும் தளர்த்தச் சொல்லி நாளெல்லாம் கன்னடத்தில் ஓதுவேன். வளரும் பிள்ளையின் முகம் முன்னால் வளர்கிறதா, கீழ்நோக்கி நீள்கிறதா என்று மருத்துவர்கள் அந்தப் படத்தில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். இத்தனை பேரைப் படம் எடுத்தவனுக்கு வீட்டிலிருந்த முகம் கண்ணில் படவில்லை.

என் மகள் சிறு வயதில் வாய் வழியாகத்தான் மூச்சு விடுவாள். "வாய மூடு, ஈ பூந்துரும்" என்று கேலி செய்வேன். விசேஷ வீடுகளில் கேலி அதட்டலாகும். பத்து வயதில் மூடப் பழகிவிட்டாள். ஹனூரிலிருந்து வந்த சொந்தங்கள், "புள்ள வாயே தொறக்கறதில்லீங்க, என்ன அடக்கம்!" என்றபோது எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தோசையைக் கையால் பிய்த்துத் தின்னும் வீட்டில் முன்பல் கடிக்கிறதா என்று யார் பார்த்தார்கள்?

போன மாதம் மார்க்கெட்டில் கொய்யாக்காய் வாங்கிக் கொடுத்தேன். பதினாறு வயதுப் பெண் அதைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் சேரவே இல்லை.

மறுநாள் அவளை எக்ஸ்ரே மெஷினில் நானே நிறுத்தினேன். "உதட்ட விடும்மா" என்றேன். விடவில்லை. முகவாய் சுருங்கிக் குழி விழுந்து நடுங்கியது. மூன்றாம் முறை அதட்டியதும் விட்டாள். உதடுகள் விலகி, பல்லும் ஈறும் தெரிய, நான் பார்த்தேயிராத நீண்ட முகம். ஆறு வருடமாக அவள் இழுத்துப் பிடித்து மறைத்தது அதைத்தான்.

மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து காற்றை அடைத்திருப்பதை மருத்துவர் படத்தில் காட்டினார். தாடை கீழே சரிந்து வளர்ந்துவிட்டதாம். சிறு வயதிலேயே வந்திருந்தால் வளர்ச்சியைத் திருப்ப முயன்றிருக்கலாம், இனி வளர்ச்சி நின்றபின் தாடையில் அறுவைதான் என்றார். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

படியிறங்கும்போது, "கஷ்டமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா கண்ணு?" என்றேன்.

"சொன்னேனேப்பா. மூடுனா மூச்சு முட்டுதுன்னு. எல்லாரும் பாக்கறாங்க, மூடுன்னீங்க."

ஆட்டோவில் ஏறியதும் பழக்கப்படி உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"விட்டுரு கண்ணு" என்றேன்.

"ஆட்டோக்காரர் இருக்காருப்பா" என்றாள்.