பதில் வரும்வரை நிற்பது

பார்த்தசாரதி சார் வீட்டு மாமி போனில் கூப்பிட்டு, "முருகேசன், கொஞ்சம் வந்துட்டுப் போங்கோ" என்றார். குரல் சரியில்லை என்று கவனிக்கிற புத்தி எனக்கு ஏது? "சிக்னல்தானே மாமி, பத்து நிமிஷம்" என்று சொல்லி, தோளில் கேபிள் சுருளும் கையில் ஸ்பேனர் பையுமாகப் போய் இறங்கினேன். வாசல் நிறையச் செருப்புகள். பார்த்தசாரதி சார் தூக்கத்திலேயே போய்விட்டார். துக்க வீட்டில் டிஷ் மாட்ட வந்தவனாக நான் நின்றதை, இதைப் படிக்கிற, அவரை அறிந்த உங்களில் பலர் பார்த்தீர்கள். மன்னிக்க வேண்டும்.

அவர் கல்லூரியில் என்ன பாடம் நடத்தினார் என்பது எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. விண்வெளியில் நாடுகள் சண்டை போடலாமா, போட்டால் எதுவரை என்று ஆராய்கிறவர் என என் மகள் சுதாதான் விளக்கினாள். பத்தாவது கணக்கை இரண்டு தடவை எழுதியவன் நான். இதற்கெல்லாம் ஒரு படிப்பு உண்டா என்று வாய் பிளந்தேன்.

முதலில் பார்த்தது மொட்டை மாடியில். ஸ்ரீரங்கத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். ஒரு வீட்டு டிஷ்ஷைத் திருப்ப நாலு மாடி தாண்ட வேண்டும். அதனால் கைப்பிடிச் சுவரருகே நின்று "டிஷ்காரன் வரேங்க" என்று குரல் கொடுப்போம். பதில் வந்த பிறகே தாண்டுவோம். அன்று வேட்டி உலர்த்திக்கொண்டிருந்த சார், 'வா' என்பதற்குப் பதில், நான் ஏன் கத்துகிறேன் என்று விசாரித்தார். ஒருமுறை அவசரத்தில் குரல் கொடுக்காமல் தாண்டி, திருடன் என்று ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வாங்கிய கதையைச் சொன்னேன். "தண்ணியோட போச்சே" என்று சிரித்தவர், நோட்டை எடுத்துவந்து எழுதிக்கொண்டார்.

மேலே விண்வெளியிலும் இதுதான் சிக்கல் என்றார். ஒரு நாட்டின் செயற்கைக்கோள் இன்னொன்றை ஒட்டிப் போகும். ரிப்பேருக்கா, வேவு பார்க்கவா, உடைக்கவா, தெரியாது. பயந்தவன் முந்திக்கொண்டு அடிப்பான். அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"உடைஞ்ச சில்லு சீக்கிரம் கீழ விழாது, முருகேசன். வருஷக்கணக்கா சுத்தும். அடிச்சவனோடதையும் வந்து இடிக்கும்."

இத்தனை வருடம் டிஷ்ஷைத் திருப்பிய பக்கம் என்ன இருக்கிறது என்று அன்றுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

போன மாதம் சுதாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. பழைய செயற்கைக்கோளைப் பிடித்து இழுக்கும் இயந்திரக் கை செய்கிற கம்பெனி. ராணுவமும் அதை வாங்கும் என்று தெரிந்ததும் தயங்கினாள். நானோ ஸ்ரீரங்கம் தாண்டி கே.கே. நகர் வரைக்கும், பெண் ராக்கெட் விடப்போகிறாள் என்று சொல்லி முடித்திருந்தேன். சேரச் சொல்லுங்கள் என்று சாரை ரகசியமாகக் கெஞ்சினேன்.

அவர் அவளிடம் சொன்னது வேறு. "நாட்டுக்கு மேல கண்ணு வேணும், அதுல சந்தேகமில்லை. அடுத்தவன் கண்ணைக் குத்தற கை வேணுமாங்கறதுதான் கேள்வி. கிட்டப் போறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனிக்காரா உங்கப்பா மாதிரி குரல் கொடுப்பாளா, பதிலுக்கு நிப்பாளான்னு கேளும்மா."

சுதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன். பிறகு சாரைத் தனியாகப் பிடித்துக் குறைப்பட்டுக்கொண்டதற்கு, "நீங்களே சொல்லலாமே, என்னை ஏன் இழுக்கறேள்?" என்றார்.

அவள் அதையே கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். பதில் நேற்றுதான் வந்தது: குரல் கொடுப்பதா என்பதை, கையை வாங்குகிறவர்கள் முடிவு செய்வார்கள், நீங்கள் உள்ளே வந்து வாதாடலாம். வெள்ளிக்கிழமைக்குள் அவள் சொல்லியாக வேண்டும்.

"சார் இருந்தா என்னப்பா சொல்லியிருப்பார்?" என்று கேட்டாள். இன்னொரு கேள்வி கேட்டிருப்பார் என்றேன்.

என்னிடமிருந்து அவர் நோட்டில் எழுதிக்கொண்டதைத்தான் இப்போது அவரிடமிருந்து திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன்: பதில் வரும்வரை சுவருக்கு இந்தப் பக்கமே நிற்பது. சுதா மாடியில் யோசித்துக்கொண்டிருக்கிறாள். நான் படியிலேயே நிற்கிறேன். 'சேர்ந்துடும்மா' என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.