கம்பி வலையின் பின்பக்கம்

போலீஸ் ரோந்து வண்டியில் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே கம்பி வலை மாட்டுவது எங்கள் வேலை. வலை கழன்றால் திட்டு விழும், கழலாமல் நின்றால் நம்மை ஒருத்தரும் நினைக்கமாட்டார்கள். பட்டறையில் நிற்கிற உங்களுக்கு இது புதிதில்லை. நான் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு நாகர்கோவில் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தவன். பொறுமை கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்பக்கம் மட்டும்

வெல்டிங் முடிந்ததும் அரத்தால் பிசிறு ராவ வேண்டும். போல்ட்டை அறுத்த முனை பிளேடு மாதிரி இருக்கும். போலீஸ்காரர் உட்காரும் பக்கத்தை வழவழவென்று ராவி பெயின்ட் அடிப்போம். கைதி உட்காரும் பக்கத்தை அப்படியே விடுவோம். சொல்லித்தந்தது முதலாளி அண்ணாச்சி. சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டது நான். பின்னாலும் ராவ வேண்டாமா என்று ஒரு தடவை பேச்சுக்குக் கேட்டேன். அண்ணாச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பின்னால இருக்கப்பட்டவன் இறங்கிப் போயி மொபைல்ல ஸ்டாரா போடப் போறான்? அடுத்த வேலையப் பாருலே."

தோவாளை வரை ஒரு சவாரி

மாட்டிய வலை கடகடக்கிறதா என்று பார்க்க, குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்ட வேண்டும். அண்ணாச்சி ஓட்டுவார். நான் பின்னால் வலையைப் பிடித்தபடி இருப்பேன். தோவாளை பூச்சந்தை முன்னால் பஸ் மறித்து வண்டி நின்றது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சித்தி பூப்பையோடு நிற்கிறாள்! முகத்தைக் கையால் மூடினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. இறங்கி விளக்கலாம் என்றால் பின் கதவில் உள்பக்கம் கைப்பிடி இல்லை. கழற்றியதே நான்தான். சித்தி கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"அழாத மக்கா. உனக்க அம்மைட்ட நான் பக்குவமா சொல்லிக்கிடுதேன்."

ஏட்டையாவின் சர்டிபிகேட்

அம்மையால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. நல்லவேளை, வண்டியை எடுக்க வந்த ஏட்டையா முன் சீட்டில் உட்கார்ந்து வலையைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார். பின்னால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே வீட்டில் ஒப்பித்தேன். தண்ணீர் வராத குழாயடியில் நின்று அம்மை அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். படிப்பை விட்டவனின் அம்மை என்கிற பேச்சு அன்றோடு நின்றதாம். ஏட்டையா சொன்னது இவ்வளவுதான்:

"வீட்டுப் பொம்பளையள ஏத்தினாக்கூட ஒரு குத்தம் சொல்லமாட்டாவ, அப்படி வழவழன்னு இருக்குலே."

மறியல்

குழாயில் தண்ணீர் வரவே இல்லை. தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து, வழக்கம்போல, கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்து சாயந்திரம் விட்டது. வேனில் இடம் போதாமல் சிலரை நான் வலை மாட்டிய வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

அம்மை திரும்பி வந்தபோது சேலை முந்தி கிழிந்திருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கீறல். எந்த போல்ட் என்று கேட்கவே வேண்டாம். இடது கீழ் மூலை. சாப்பிடப் போகும் அவசரத்தில் அறுத்தபடியே விட்டது. அம்மை மஞ்சளைக் குழைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஏறும்போதே எல்லாருட்டயும் சொல்லிப்போட்டேன் மக்கா, இது எனக்க மவன் செஞ்சதுன்னு."

இப்போது நான் இரண்டு பக்கமும் ராவுகிறேன். நேரத்தை ஏன் வீணாக்குகிறாய் என்று அண்ணாச்சி கத்தினால், எங்கள் தெருக் குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.