லாபம் இருக்கு, பணம் எங்கே?

மருந்துக்கடையில் பதினாறு வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பவளை எல்லோரும் டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளும் மறுத்து மறுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

கடையின் இருப்பைப் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேர் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். எந்த மருந்து எப்போது காலாவதியாகும் என்று மூன்று மாதம் முன்பே சொல்லிவிடும். அதைத் தயாரித்த சின்னக் கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்ததும், சேமிப்பில் பாதியை அதில் போட்டாள். அதோடு நின்றிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல் நாத்தனாரிடமும் சொல்லிவைத்தாள். தையல் மெஷினை மிதித்து மிதித்துச் சேர்த்ததையெல்லாம் நாத்தனார் அப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். ஒரே வருடத்தில் விலை ஒன்றரை மடங்கு. அவளுக்கு வாயெல்லாம் பல்.

ஆண்டறிக்கை வந்தது. மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனில் படித்தாள். விற்பனை கூடியிருந்தது, லாபமும் கூடியிருந்தது. மனசு குளிர்ந்தது. பிறகு பின்பக்கங்களுக்குப் போனாள். இவ்வளவு லாபம் காட்டும் கம்பெனியில், வியாபாரத்தால் கைக்கு வந்த பணத்தைவிடக் கையைவிட்டுப் போனதே அதிகம். வாடிக்கையாளர் பாக்கி இரண்டு மடங்காகியிருந்தது. வங்கிக் கடன் ஒன்றும் புதிதாக முளைத்திருந்தது. தப்பாகப் படிக்கிறோமோ என்று கால்குலேட்டரில் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். அதேதான் வந்தது.

கல்லாவில் கண்ணயர்ந்திருந்த முதலாளியை எழுப்பினாள்.

"சார், சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வருஷச் சந்தா கட்டியாச்சா?"

"எங்க கட்டினேன்? ரெண்டு வருஷமாச்சு. பில் அனுப்புவாங்க, நானும் வாங்கி வச்சுக்குவேன். நல்ல பசங்க, அடுத்து கேக்கவே மாட்டாங்க."

"நிறுத்திட மாட்டாங்களா?"

"நிறுத்தினா வேற கம்பெனிக்குப் போயிடுவேன்ல? எனக்குத் தெரிஞ்ச கடைக்காரங்க பாதிப் பேர் இப்படித்தான்."

பில் போட்டதையெல்லாம் வரவாகக் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். இவர் கட்டாத சந்தாவும் அந்த லாபத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது! அடுத்து வந்தவருக்கு ஐந்து மில்லிகிராம் மாத்திரைக்குப் பதில் பத்தை எடுத்துவிட்டு, கவரில் போடும்போதுதான் கவனித்தாள். சட்டென்று மாற்றிக் கொடுத்தாள். அவர் போனதும் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"இப்பதான் ஏறிட்டு இருக்கு, விக்கச் சொல்றீங்களே அண்ணி?"

"வாங்கச் சொன்னதும் நான்தான். திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா வித்துடு."

"அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீங்க."



டாக்டரம்மா தன்னுடையதை அன்றே விற்றாள். நாத்தனார் பாதியை மட்டும் விற்றாள். பிறகு மூன்று வாரம் விலை ஏறிக்கொண்டே போனது. நாத்தனார் போனை எடுப்பதை நிறுத்தினாள். "உங்க ரெண்டு பேருக்கு நடுவுல என்னை இழுக்காதே" என்று கணவரும் கழன்றுகொண்டார். டாக்டரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. விலை இறங்கினால் நாத்தனாரின் மீதிப் பணம் போகும், ஏறினால் இவள் பேச்சுக்கு மதிப்புப் போகும். எதை வேண்டிக்கொள்வது?

விற்ற ஐந்தாம் மாதம், வாடிக்கையாளர் பாக்கியில் பெரும்பகுதி இனி வராது என்று கம்பெனியே அறிவித்தது. இரண்டே நாளில் விலை மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. போன் பண்ணப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அங்கிருந்தே போன் வந்தது.

"மிச்சத்தையும் வித்துட்டேன் அண்ணி. ஒண்ணும் பெருசா தேறல."

"என் மேல கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல. விலை ஏறினப்ப உங்களைப் பத்தி நாலு பேர்கிட்ட கண்டபடி பேசிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடுறதுன்னுதான்..."

"சரி விடு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றாள் டாக்டரம்மா.