கவ்வாத்துன்னு சொன்னாங்க

எனக்கு அப்போ நாப்பது வயசு. அதுவரைக்கும் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டினவன். இறம்பொடையில ஒரு ஹோட்டல்ல பூந்தோட்ட வேலை பழக ஆள் எடுத்தாங்க, சேர்ந்துட்டேன். முதல் நாள் காலையில எனக்குக் கால் தரையில நிக்கல.

பூந்தோட்டத்துக்குப் பொறுப்பு பர்வீன் மிஸ். என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க. வாசலோரம் நெஞ்சு உயரத்துக்கு நின்ன செம்பருத்தி வேலியைக் காட்டி, "அண்ணே, இதைக் கவ்வாத்து பண்ணிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

தெரிஞ்ச வேலைதானே. கத்தியை எடுத்து முழங்கால் உயரத்துக்கு, ஒரு இலை இல்லாம, ஒரே மட்டமா வெட்டி முடிச்சேன்.

திரும்பி வந்த மிஸ் தலையில கை வெச்சாங்க. "ஐயோ அண்ணே! நுனியை மட்டும்தான் வெட்டச் சொன்னேன்!"

"எங்க தேயிலை மலையில கவ்வாத்துன்னா இதுதான் மிஸ்."

மேனேஜர் வந்தார். வேலை போச்சுன்னு நெனச்சேன். மிஸ் முந்திக்கிட்டாங்க. "சார், வார்த்தையைத் தப்பா சொன்னது நான்தான்."

"துளிர்க்கலைன்னா ரெண்டு பேருமே வீட்டுக்குப் போகலாம்"னார்.

தினமும் வந்ததும் அந்தக் குச்சிகளைத்தான் பார்ப்பேன். மூணாவது வாரம் ஒரு குச்சியில பச்சையா ஒரு புள்ளி இருந்துச்சு. அடுத்ததுல ரெண்டு.

"மிஸ், ஓடி வாங்க!"ன்னு கத்தினேன். அவங்க குந்தி உக்காந்து ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்தாங்க. "பொழச்சோம் அண்ணே"ன்னு சிரிச்சாங்க.

என் தப்புக்கு வேறொருத்தங்க பழி ஏத்துக்கிட்டது அதுதான் முதல் தடவை. இப்பவும் கத்தியை எடுக்கறதுக்கு முன்னாடி, "எவ்வளவு மிஸ்?"னு கேப்பேன். அவங்க விரலால அளவு காட்டுவாங்க.